கை கோத்து ஆடக் கற்றுக் கொடுத்த டீச்சர்

மறைமலை நகரில் ஒரு தெருவில் பத்து வீடுகள் இருந்தால், பத்து ஊர்க்காரர்கள் இருப்பார்கள். ஒரு வீட்டில் திருநெல்வேலிக் குடும்பம். அடுத்த வீட்டில் தர்மபுரிக் குடும்பம். மாடியில் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். எதிர் வீட்டில், தலைமுறை தலைமுறையாகச் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே வாழ்ந்தவர்கள்.

அப்பாவுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட். மறு வாரம் இரவு ஷிப்ட். அம்மாவும் சில வீடுகளில் வேலைக்குப் போகிறார். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்கள் போன வண்ணம் இருக்கின்றன.

பிள்ளைகள் ஒரே தெருவில் இருக்கிறார்கள். ஒரே பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால், சேர்ந்து ஆடுகிறார்களா? பாட்டி ஊரில் இருக்கிறார். பாட்டிக்குத் தெரிந்த கும்மியும் ஊரிலேயே நின்றுவிட்டது. பிள்ளையின் கையில் இருப்பது செல்போன்!

தொழிற்சாலை வந்தால் சோறு வரும். அது நல்ல காரியம். ஆனால், சோற்றோடு சேர்ந்து ஆட்டமும் பாட்டும் தாமாக வந்துவிடுவதில்லை. யாராவது ஒருவர் அவற்றைக் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலை நகரத்தில் ஒரு டீச்சர் அப்படி அழைத்து வந்தார். அவர் பெயர் ஜீன் மில்லிகன். ஊர் கிளாஸ்கோ. நாடு ஸ்காட்லாந்து. அவருடைய கதையை நம் பெற்றோரும் ஆசிரியரும் தெரிந்துகொள்வது நல்லது.

கப்பல் கட்டிய ஊர்

இங்கிலாந்துக்கு வடக்கே இருப்பது ஸ்காட்லாந்து. மலையும் ஏரியும் நிறைந்த நாடு. அங்கே கிளைடு என்ற ஆற்றின் கரையில் கிளாஸ்கோ நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய கப்பல்கள் பல அந்த ஆற்றங்கரையில்தான் கட்டப்பட்டன. ரயில் எஞ்சின்களும் அங்கே ஏராளமாகச் செய்யப்பட்டன. நம் நாட்டில் ஓடிய பழைய நீராவி எஞ்சின்களில் பல கிளாஸ்கோவில் பிறந்தவை.

வேலை தேடி மலைநாட்டுக் கிராமங்களிலிருந்து மக்கள் அங்கே வந்தார்கள். அயர்லாந்திலிருந்தும் வந்தார்கள். நெருக்கமான வீடுகளில் குடியிருந்தார்கள். இன்றைக்கு நம் ஒரகடம் சாலையோரத்தில் காணும் காட்சியை அன்றைய கிளாஸ்கோவில் காணலாம்.

அந்த ஊரில் 1886-ஆம் ஆண்டு மில்லிகன் பிறந்தார். பெரியவளானதும் உடற்பயிற்சி ஆசிரியை ஆனார். சாதாரணப் பள்ளி ஆசிரியை அல்ல. ஆசிரியர்களையே உருவாக்கும் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியை. கடைசி வரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ‘மிஸ் மில்லிகன்’ என்றுதான் ஊரெல்லாம் அவரை அழைத்தது.

மறைந்துகொண்டிருந்த ஆட்டம்

ஸ்காட்லாந்து மக்களுக்கு ஒரு நாட்டு நடனம் உண்டு. ஆண்கள் ஒரு வரிசையில் நிற்பார்கள். பெண்கள் எதிர் வரிசையில் நிற்பார்கள். பெரும்பாலும் நான்கு ஜோடிகள். பிடிலும் அக்கார்டியனும் இசைக்கும். முதலில் ஒருவருக்கொருவர் தலை வணங்குவார்கள். பிறகு கை கோத்துச் சுற்றுவார்கள். நான்கு பேர் நடுவில் கை சேர்த்து வண்டிச் சக்கரம் போலச் சுழல்வார்கள்.

இந்த ஆட்டத்தில் ஓர் அழகான விதி இருக்கிறது. முதல் ஜோடி ஆடி முடித்ததும் ஒரு படி கீழே இறங்கும். அடுத்த ஜோடி மேலே வரும். இப்படி ஒவ்வொருவராக முன்னுக்கு வருவார்கள். ‘நான்தான் எப்போதும் முதல்’ என்று யாரும் நிற்க முடியாது. தனியாக ஆடவும் முடியாது. பக்கத்தில் இருப்பவர் கை கொடுத்தால்தான் ஆட்டம் நகரும்.

முதல் உலகப் போர் 1914 முதல் 1918 வரை நடந்தது. ஸ்காட்லாந்தில் எத்தனையோ வாலிபர்கள் போருக்குப் போய்த் திரும்பவே இல்லை. போர் முடிந்ததும் புது மோஸ்தர் நடனங்கள் நகரங்களில் புகுந்தன. பழைய ஆட்டத்தை மக்கள் மறக்கத் தொடங்கினார்கள். சில ஆட்டங்கள் கிழவர் கிழவிகளின் நினைவில் மட்டும் இருந்தன. இன்னும் சில, பழைய நோட்டுப் புத்தகங்களில் தூங்கின.

அப்போது இசபெல் ஸ்டூவர்ட் என்ற அம்மையார் ஒரு குறையைக் கண்டார். அவர் சாரணிய இயக்கத்தில் ஈடுபட்டிருந்தவர். சாரணியச் சிறுமிகள் ஆடுவது இங்கிலாந்து நடனமாக இருந்தது. சொந்த நாட்டு ஆட்டம் அவர்களுக்குத் தெரியவில்லை. இந்தக் கவலையோடு கிளாஸ்கோவில் இருந்த ஓர் இசைப் புத்தகப் பதிப்பாளரிடம் போனார். அந்தப் பதிப்பாளர்தான் அவரை மில்லிகனுக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

இரண்டு பெண்கள் சந்தித்தார்கள். ஒரு நாட்டின் ஆட்டம் பிழைத்தது!

1923-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி கிளாஸ்கோவில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். ‘ஸ்காட்லாந்து நாட்டு நடனச் சங்கம்’ பிறந்தது. வயதானவர்களிடம் கேட்டும், பழைய ஏடுகளைப் புரட்டியும் ஆட்டங்களைச் சேகரித்தார்கள். இசையோடு அச்சிட்டு, சிறு புத்தகங்களாக வெளியிட்டார்கள். 1951-ல் அரசரின் அனுமதியோடு அந்தச் சங்கத்துக்கு ‘ராயல்’ என்ற பட்டமும் சேர்ந்தது.

டீச்சர் செய்த தந்திரம்

ஆட்டத்தைப் புத்தகத்தில் அச்சிட்டால் மட்டும் போதுமா? போதாது. புத்தகம் அலமாரியில் தூங்கும். மில்லிகனுக்கு அது தெரியும்.

அவரிடம் படித்தவர்கள் நாளைக்கு ஆசிரியைகளாகப் போகிறவர்கள். அந்தப் பெண்களுக்கு அவர் நாட்டு நடனத்தையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தார். அவர்கள் படித்து முடித்துத் தங்கள் தங்கள் பள்ளிக்குப் போனார்கள். ஆட்டமும் அவர்களோடு போயிற்று. ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகளை ஏற்றுவது போன்ற வேலை இது.

1927 முதல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊரில் ஆண்டுதோறும் கோடைப் பள்ளி நடந்தது. அதில் பல ஆண்டுகள் அவரே தலைமை வகித்தார். எண்பது வயதைத் தாண்டிய பிறகும் பாடம் சொல்லிக் கொடுத்தார். கடல் கடந்த நாடுகளுக்கும் போய் ஆட்டம் கற்றுக் கொடுத்தார்.

கண்டிப்பான டீச்சர் அவர். பாதத்தை இப்படி வை, முதுகை நிமிர்த்து, கையை இந்த உயரத்தில் கொடு என்று திருத்திக்கொண்டே இருப்பார். ஆட்டங்களை அவர் ஒரே அச்சில் வார்த்துவிட்டார், ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசம் போய்விட்டது என்று குறை சொன்னவர்களும் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. அவர் ஆட்டத்தை மேடைக்காகக் கற்றுக் கொடுக்கவில்லை. பார்த்துக் கை தட்டுவதற்காகவும் கற்றுக் கொடுக்கவில்லை. எல்லோரும் இறங்கி ஆடுவதற்காகக் கற்றுக் கொடுத்தார். அதனால்தான் அது பிழைத்தது. 1978-ல் தமது 92-ஆம் வயதில் மிஸ் மில்லிகன் காலமானார். அவர் காப்பாற்றிய ஆட்டத்தை இன்று ஜப்பானிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட ஆடுகிறார்கள்.

சிறைக்குள் பிறந்த நடனம்

‘ஆட்டம்தானே, பொழுதுபோக்குத்தானே!’ என்று சொல்பவர்கள் இந்தச் சம்பவத்தைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம். 1940 ஜூன் மாதம். பிரான்ஸ் நாட்டின் கடற்கரையில் ஸ்காட்லாந்து வீரர்களின் 51-வது படைப்பிரிவு ஜெர்மானியரிடம் சிக்கியது. ஆயிரக்கணக்கான வீரர்கள் கைதிகள் ஆனார்கள். அவர்களில் அதிகாரிகள் சிலரை ஜெர்மனியின் லாபென் என்ற ஊரில் சிறை வைத்தார்கள்.

ஊர் இல்லை. வீடு இல்லை. வயிறாரச் சாப்பாடு இல்லை. எப்போது விடுதலை என்றும் தெரியாது. அந்த முகாமில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் நாட்டு நடனத்தை ஆடினார்கள்! புதிதாக ஓர் ஆட்டத்தையும் உண்டாக்கினார்கள். ஆட்டத்தின் நடுவில் ஆடுகிறவர்கள் கை கோத்துக் குறுக்குக் கோடுகளாக நிற்பார்கள். அது ஸ்காட்லாந்துக் கொடியில் இருக்கும் சிலுவையின் வடிவம். தங்கள் கொடியை ஏற்ற முடியாத இடத்தில், தங்கள் உடம்பாலேயே கொடியை வரைந்தார்கள்.

மில்லிகனின் சங்கம் 1945-ல் அந்த ஆட்டத்தைத் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டது. இன்றும் அதை ஆடுகிறார்கள்.

ஊரை விட்டு வந்தவர்களை ஓர் ஆட்டம் எப்படித் தாங்கிப் பிடிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் ஊருக்கும் உறவு உண்டு

எங்கேயோ இருக்கும் ஸ்காட்லாந்துக்கும் நம் செங்கல்பட்டுச் சீமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கல்வி வழியில் பழைய சம்பந்தம் உண்டு.

1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் அதற்குக் கிளைப் பள்ளிகள் ஏற்பட்டன. சென்னையில் இருந்த பள்ளி பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1937-ல் அந்தக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது.

அந்தக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராக இருந்தவர் யார்? மறைமலை அடிகள்! நாகப்பட்டினத்தில் பிறந்து, தனித்தமிழ் இயக்கம் கண்டு, பல்லாவரத்தில் வாழ்ந்து, 1950-ல் மறைந்த அதே அடிகள். அவர் பெயரைத்தான் நம் நகரம் தாங்கி நிற்கிறது. ஆக, இது ஓர் ஆசிரியரின் பெயரைக் கொண்ட ஊர். மொழி அழிந்துவிடக் கூடாது என்று பாடுபட்ட ஆசிரியரின் ஊர். இங்கே ஆட்டமும் பாட்டும் அழியலாமா?

அடையாற்று அத்தை

ஆட்டமும் கல்வியும் சேர்ந்தே போக வேண்டும் என்று நினைத்தவர்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள். 1936-ல் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களில் ஒருவர். மாணவ மாணவியர் அவரை ‘அத்தை’ என்றே அழைத்தார்கள். கோயில்களைச் சேர்ந்த பெண்களும் நட்டுவனார்களும் காத்து வைத்திருந்த கலையை, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் கற்றார்.

1939-ல் ருக்மிணி தேவியும் அவர் கணவரும் இத்தாலி நாட்டுக் கல்வி மேதை மரியா மாண்டிசோரி அம்மையாரை அடையாற்றுக்கு அழைத்தார்கள். போர் மூண்டதால் அந்த அம்மையார் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கினார். நம் ஆசிரியர்கள் பலருக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தை கையாலும் காலாலும்தான் முதலில் படிக்கிறது என்பது அவர் கொள்கை. மாண்டிசோரி வகுப்பில் தரையில் ஒரு கோடு வரைந்திருப்பார்கள். இசைக்கு ஏற்ப அந்தக் கோட்டின் மேல் குழந்தைகள் தடுமாறாமல் நடப்பார்கள். மனம் ஒருமைப்பட அது ஒரு பயிற்சி.

கொங்கு நாட்டில் பத்திரப்பன் என்ற ஆசான் இருக்கிறார். முருகன் - வள்ளி கதையைச் சொல்லும் வள்ளி ஒயில் கும்மியைக் கற்றுக் கொடுத்தவர். ஆண்கள் மட்டும் ஆடிவந்த அந்த ஆட்டத்தை அவர் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார். 2024-ல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மில்லிகனைப் போலவே, ஆடுகிறவர் கூட்டத்தைப் பெரிதாக்கியவர் அவர்.

கும்மியில் ஒரு பாடம்

மில்லிகன் கற்றுக் கொடுத்த பாடம் நம் கும்மியிலும் கோலாட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

கும்மி வட்டத்துக்குத் தலை ஏது? வால் ஏது? எல்லோரும் ஒன்றுபோல் குனிந்து, ஒன்றுபோல் நிமிர்ந்து, ஒன்றுபோல் கை தட்ட வேண்டும். ஒருத்தி அவசரப்பட்டால் தாளம் கெடும்.

பின்னல் கோலாட்டத்தைப் பாருங்கள். மேலே இருந்து பல வண்ணக் கயிறுகள் தொங்கும். ஒரு கையில் கயிறு. மறு கையில் கோல். பாதிப் பேர் வலப்பக்கம் சுற்றுவார்கள். பாதிப் பேர் இடப்பக்கம் சுற்றுவார்கள். ஒருவரை உள்ளே விட்டு, அடுத்தவரை வெளியே விட்டுப் போகப் போகக் கயிறு அழகாகப் பின்னிக்கொள்ளும். பிறகு எதிர்த் திசையில் ஆடினால் பின்னல் அவிழும். ஒரு பிள்ளை தவறினால் எல்லோருடைய கயிறும் சிக்கும். எண்ணிக்கை, திசை, பொறுமை, பிறர் மேல் கவனம் - இத்தனையும் ஒரே விளையாட்டில்! இதைவிட நல்ல கணக்கு வகுப்பு உண்டா?

பாரதியாரும் இந்த ஆட்டத்தின் சக்தியை அறிந்தவர். பெண் விடுதலையைப் பற்றிச் சொல்ல அவர் கும்மியைத் தேர்ந்தெடுத்தார்.

பழைய காலத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர்க் கும்மியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேரவில்லை. மேலத்தெரு வட்டம் வேறு, கீழத்தெரு வட்டம் வேறு என்று பிரித்து வைத்த ஊர்கள் உண்டு. அந்த வேலியைத் தாண்டத் தொழில் நகரம் ஒரு நல்ல வாய்ப்பு. இங்கே எல்லோரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் ஒரே வட்டத்தில் நின்று கும்மி அடிக்கலாம். ஒடிசாப் பிள்ளைக்கும் பீகார்ப் பிள்ளைக்கும் தமிழ் வராமல் இருக்கலாம், தாளம் வரும். தாளம் வந்தால், பின்னாலேயே தமிழும் வரும்.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடத்தப்படுகிறது. கிராமியக் கலைகளுக்கும் அதில் இடம் உண்டு. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால், அது போட்டி. போட்டி என்றால் நன்றாக ஆடும் எட்டுப் பேரைப் பொறுக்கி எடுப்பார்கள். மற்ற முப்பது பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த முப்பது பேருக்கு என்ன வழி?

வாரத்தில் ஒரே ஒரு பீரியட். வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டும். பரிசு கிடையாது. மார்க் கிடையாது. விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை! முதலில் அந்தக் கடன் நிற்க வேண்டும்.

யார் கற்றுக் கொடுப்பது? இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. பேரப் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமார்கள் எத்தனை பேர்! ஒவ்வொருவருக்கும் தன் ஊர்க் கும்மி ஒன்று தெரியும். பள்ளி அவர்களை அழைக்கட்டும். வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தானே மில்லிகனும் ஆட்டங்களைச் சேகரித்தார்? அவர் காலத்தில் நோட்டுப் புத்தகம் இருந்தது. நம் காலத்தில் செல்போன் இருக்கிறது. பாட்டி ஆடுவதைப் பேத்தி படம் பிடித்து வைக்கலாம். செல்போனுக்கும் ஒரு நல்ல வேலை கிடைக்கும்!

ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் நாட்டு ஆட்டங்களை ஒழுங்காகக் கற்றுக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஓர் ஆசிரியை கற்றால், அவர் வேலை பார்க்கும் காலமெல்லாம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கற்பார்கள். கிளாஸ்கோ டீச்சரின் தந்திரம் அதுதான்.

பையன்களை விட்டுவிடக் கூடாது. கும்மி பெண்களுக்கு, பந்து பையன்களுக்கு என்று பிரிக்க வேண்டாம். ஒயிலாட்டம் ஆண்கள் ஆடிய ஆட்டம்தானே? ஸ்காட்லாந்தில் போர் வீரர்களே கை கோத்து ஆடவில்லையா? சேர்ந்து ஆடிப் பழகிய பையன், நாளைக்குப் பெண்ணை மரியாதையாக நடத்தவும் பழகுவான்.

தொழிற்சாலைகளும் தங்கள் பங்கைச் செய்யலாம். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் விழா நடத்துகிறார்கள். சினிமாப் பாட்டுக் கச்சேரி வைக்கிறார்கள். வைக்கட்டும். கூடவே, தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம் ஆடுவதற்கு ஒரு கோலாட்ட வட்டமும் வைக்கட்டும். பார்க்கும் விழா ஒன்று. சேரும் விழா ஒன்று.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘ஆடினால் படிப்புக் கெடும்’ என்று பயப்பட வேண்டாம். ஆடிப் பசித்த பிள்ளை நன்றாகச் சாப்பிடும். நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை நன்றாகத் தூங்கும். நன்றாகத் தூங்கிய பிள்ளைக்குப் பாடம் ஏறும்.

கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் தளங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ரயில் எஞ்சின்களைச் செய்த பெரிய தொழிற்சாலையும் மூடிக்கிடந்து மறைந்துவிட்டது. ஆனால், மிஸ் மில்லிகன் கற்றுக் கொடுத்த ஆட்டம் இருக்கிறது.

தொழிற்சாலைகள் வரும், போகும். பிள்ளைகள் கை கோத்துக் கற்றது போகாது. இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, மறைமலை நகரில் ஏதாவது ஒரு தெருவில், ஏதாவது ஒரு பாட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கும்மி அடிக்கத் தொடங்கட்டும். கன்னடம் பேசும் பிள்ளையும் வரட்டும். ஒடியா பேசும் பிள்ளையும் வரட்டும். வட்டம் தானே பெரிதாகும்.